மாமி விற்ற பிள்ளை

என் மகனை என் மாமி விற்றார். விலை ஒரு கொத்து அளவு தவிடு. வாங்கியவர் வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த முஸ்லிம் பெண். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் கடைசிக் காலத்தில் இது ஒரு புதினமே இல்லை. பிறந்த பிள்ளைகள் தங்காமல் போகும் வீட்டில், அடுத்ததைப் பிறந்த கையோடு வேறு ஆளுக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிறத்தியார் பிள்ளை என்றால் யமன் இந்த வீட்டுக்குள் வந்து தேடமாட்டான் என்பது கணக்கு. மற்றப்படி வளர்ப்பதெல்லாம் பெற்றவள்தான்.

எனக்கு முதல் இரண்டும் யாழ்ப்பாணத்தில் பிறந்து தங்கவில்லை. மூன்றாவது உண்டானதும், டொக்டர்மார் கிட்ட இருக்கட்டும் என்று என் கணவர் என்னைக் கொழும்பிலேயே வைத்துக்கொண்டார். அவருக்குக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. நல்ல மனிசன், வாய்தான் கிடையாது. எனக்குத் தாயும் இல்லை. ஆகவே பிள்ளைப்பேறு பார்க்க மாமி மெயில் ரெயிலில் வந்து இறங்கினார், பெட்டி நிறையப் பத்தியச் சரக்கும் வாய் நிறையப் புத்திமதியுமாக.

பிள்ளை பிறந்த அன்றைக்கே அவனைச் சுளகில் கிடத்தி, பின்வாசலில் வைத்துப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நீட்டினார். அவர்கள் பேச்சில் அக்காவுக்கு ராத்தா, அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டு மனுஷர் காலி வீதியில் கடை வைத்திருந்தார். தவிடும் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது.

"எங்கட மார்க்கத்தில இதெல்லாம் இல்ல மாமி. ஒங்கட மனசுக்காகத்தான் வாங்குறேன்," என்று சொல்லி, தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கி, கொஞ்சிவிட்டுத் திருப்பித் தந்தார். மாமிக்கு அன்றைக்குப் பரம திருப்தி.

எனக்கு? எனக்கு ஒன்றுமே இல்லை. பிள்ளையைப் பக்கத்தில் கிடத்தினார்கள். ரெயிலில் எதிரே இருக்கும் ஆளின் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அழுதால் தூக்கினேன், பால் கொடுத்தேன், கிடத்தினேன். நெஞ்சில் ஒரு அசைவும் இல்லை. நித்திரை வரவில்லை, சரக்குக் கறி வாயில் மண்ணாகக் கிடந்தது. முதல் இரண்டும் என்னாலேதான் போயின, இதுவும் என் கையில் இருந்தால் போய்விடும் என்று ஒரு நினைப்பு உள்ளே வந்து குந்திக்கொண்டது. குந்தினது குந்தினதுதான், எழும்பவே இல்லை. பிள்ளைக்கு ஏங்கி ஏங்கி, கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. அவனைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. இதை எந்த வாயால் யாரிடம் சொல்வது?

மாமி தனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தார், குறை சொல்ல மாட்டேன். நாவூறு கழித்தார், நூல் கட்டினார், கடற்காற்று பட்டதென்று ஜன்னலைச் சாத்தினார். வீட்டில் பிள்ளை பெற்ற துடக்கு, முப்பத்தொரு நாள் தீட்டுக் கழியும்வரை சொந்தக்காரர் ஒருவரும் வாசற்படி மிதிக்க மாட்டார்கள். ஊர்ப் பெண்கள் கொழும்பில் நிறைந்திருந்தும் எனக்குக் கதைக்க ஒரு ஆள் இல்லை. ராத்தாவுக்கு எங்கள் துடக்கு ஏது? செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என் அறைக்குள் வருவார். "என்ட மகனப் பாக்க வந்தேன்," என்பார். அது நோன்பு மாதம். பின்னேரங்களில் முக்காட்டுக்குள் மறைத்து எனக்குக் கஞ்சி கொண்டுவருவார்.

"பத்தியக்காரிக்கு உதென்ன கஞ்சி?" என்று மாமி ஒரு நாள் பிடித்துவிட்டார்.

"கஞ்சி இல்ல மாமி, நன்மை," என்றார் ராத்தா.

இப்படி இருக்கும்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். என் கணவர் கந்தோரால் வந்து கட்டிலடியில் இருந்தார். "இந்தப் பிள்ளையை ஆருக்காவது குடுங்கோ. என்னட்டை இருந்தால் தப்பாது," என்றேன். பிள்ளை தப்பவேண்டுமே என்ற பயத்தில்தான் சொன்னேன். அவர் காதில் அது பைத்தியக்காரி பேச்சாக விழுந்தது. முகம் வெளிறிப்போய், நேரே தாயிடம் போனார்.

அறைத் திரைச்சீலைக்கு அப்பால் அவர்கள் கதைத்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

"முப்பத்தொண்டு கழிஞ்ச உடனை பிள்ளையை நான் ஊருக்குக் கொண்டுபோறன். ஆட்டுப்பால் குடுத்து வளப்பம்," என்றார் மாமி.

"ம்," என்றார் இவர்.

"இவளை அங்கொடைப் பைத்திய ஆசுப்பத்திரியிலை விடு. சுகம் வந்தால் பிறகு பாப்பம்."

"ம்."

"மெயிலுக்கு ரிக்கற் எடுத்து வை."

"ம்."

அந்த மூன்றாவது "ம்"மில் எனக்குக் கோபம் வந்தது. சும்மா கோபமா? கலியாணத்துக்கு முன்னர் எங்கள் ஒழுங்கை முழுக்கப் பெயர் எடுத்த கோபம். பிள்ளை பிறந்த நாள் தொடக்கம் எனக்குள் அசைந்த முதல் பொருள் அதுதான். பாசம் இல்லை, கண்ணீர் இல்லை, கோபம். என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக இவர்கள் யார்? கொடுக்கச் சொன்னவளும் நான்தான், அது வேறு கதை. ஆனால் எழும்பிப் போய்ச் சண்டை பிடிக்க உடம்பில் சத்து இல்லை. வாயைத் திறந்தாலும் பைத்தியம் கத்துது என்பார்கள். கை மணிக்கட்டை நானே கடித்துக்கொண்டு கிடந்தேன்.

ராத்தா வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். "பிள்ளையைக் கொண்டுபோகப் போகினம், ராத்தா. நான் குடுக்கச் சொன்னனான்தான். ஆனால் விடாதேங்கோ."

ராத்தா என் தலையைத் தடவினார். "சும்மா படுங்க தங்கச்சி. வித்த சாமானுக்கு அவங்களுக்கு என்ன பேச்சு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் கணவரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து ராத்தா வந்தார். அன்றைக்கு என் அறைக்கு வரவில்லை. மண்டபத்தில் நடுக் கதிரையில் இருந்தார். நான் கட்டிலை விட்டு இறங்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு திரைச்சீலையருகே நின்றேன்.

"மாமி, புள்ளய ஊருக்குக் கொண்டு போறீங்களாம்?"

"ஓம் பிள்ளை. தாய்க்குச் சுகமில்லையெல்லோ."

"என்னட்டக் கேக்கல்லயே."

மாமி சிரித்தார். "உன்னட்டை ஏன் கேக்க வேணும்?"

"வித்தது நீங்க, வாங்கினது நான். தவிடு தந்தேனா இல்லயா?"

"அது சாத்திரத்துக்குச் செய்தது, பிள்ளை."

"அப்ப சும்மாதானா? சும்மா எண்டா சரி மாமி, கொண்டு போங்க. வாசலுக்கு வந்து, இது ஒங்கட வீட்டுப் புள்ளதான் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சத்தமாச் செல்லிப் போட்டுக் கொண்டு போங்க."

மாமியின் சிரிப்பு நின்றது. எப்படிச் சொல்வார்? இரண்டு பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். இவன் எங்கள் பிள்ளை என்று வாய்விட்டுச் சொன்னால் யமனுக்கு வீட்டு இலக்கத்தையே கொடுத்த மாதிரி. மகனைப் பார்த்தார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் "ம்" என்றிருந்தால், நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

"அம்மா, பிள்ளை ராத்தாவின்ரை," என்றார். "அவ சொல்லுறபடி செய்வம்."

எங்கள் கலியாண வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிசனை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பிடித்தது.

ராத்தா விடவில்லை. "புள்ள இங்கயே இரிக்கும். அதுட உம்மாட கண்ணுக்கு முன்னால இரிக்கும். ராவைக்கு அவ தூங்கணும், புள்ளய நீங்க வச்சிக்கோங்க மாமி. பகலைக்கு நான் வாறேன். நாளைக்குக் கிளினிக் டொக்டரம்மாவக் கூட்டிட்டு வருவேன்."

"வேலியாலை போன ஓணானை மடியிலை விட்ட கதையாப் போச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டு மாமி குசினிக்குள் போனார். நான் திரைக்குப் பின்னால் நின்று சிரித்தேன். சத்தம் வராத சிரிப்புத்தான், ஆனால் சிரிப்பு.

டொக்டரம்மா மாநகரசபை கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பவர், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். நாடி பிடித்துப் பார்த்த பிறகு கட்டிலிலேயே இருந்துகொண்டார். "நித்திரை கொள்ளுறீரோ? பிள்ளைக்கு ஏதும் ஆகிடும் எண்டு பயமோ? சாகவேணும்போலை வாறதோ?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். ஒளிக்காமல் சொன்னேன். அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்விகள். கேட்டதற்கே அழுதேன்.

"இது ஒரு நோய். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம்தான். பிள்ளை பெத்த கனபேருக்கு வாறது, வெளியிலை சொல்லமாட்டினம்," என்று மாமிக்கும் கேட்கச் சொன்னார்.

"மாறுமோ?" என்று மாமி கேட்டார்.

"மாறினதைப் பாத்திருக்கிறன். என்னட்டைப் பெரிய மருந்து ஒண்டும் இல்லை. நித்திரைக்குக் கொஞ்சம் தாறன். மிச்ச மருந்து நீங்கள்தான். தனிய விடாதேங்கோ, பிள்ளையைப் பிரிக்காதேங்கோ. வருத்தம் கூடினால் உடனை ஆள் அனுப்புங்கோ."

சும்மா சொல்லக்கூடாது, மாமியைப் போல இரவுக் காவல் யாரும் செய்திருக்க முடியாது. பிள்ளை சிணுங்க முன்னமே தூக்கிவிடுவார். ராத்தா பகலில் வந்து, கடைக் கதை, சந்தைக் கதை, தன் மாமியார் செய்த கொடுமை எல்லாம் சொல்லுவார். பின்னேரம் என்னைக் கைப்பிடியாகக் கடற்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போவார். டொக்டரம்மா தன் வீட்டுக்குப் போகிற வழியில் வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் நல்லாக இருப்பேன், மூன்று நாள் கிடப்பேன். முப்பத்தொன்றும் கழிந்தது, யாழ்ப்பாணத்துக்கு ஒருவரும் போகவில்லை.

பிறகு ஒரு காலை. மாமி கிணற்றடியில் கால்களை நீட்டி, அதில் பிள்ளையைக் கிடத்தி முழுக வார்த்துக்கொண்டிருந்தார். அவன் மூக்கைச் சுளித்துத் தும்மினான்.

"மெல்ல வாருங்கோவன் மாமி, மூக்குக்குள்ளை தண்ணி போகுதெல்லோ, கண் தெரியேல்லையோ?" என்று கத்தினேன்.

மாமியைப் பார்த்து நான் அப்படிக் கத்தினது அதுதான் முதல் தரம். மாமி திரும்பி என்னைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார். "வந்திட்டாள்," என்றார். "வந்திட்டாள்," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

ஓடிப்போய் ஈரத்தோடு அவனைத் தூக்கினேன். உச்சந்தலையை மோந்தேன். எத்தனை நாள் பக்கத்தில் கிடந்தவன், அன்றைக்குத்தான் அவன் மணம் எனக்குத் தெரிந்தது. "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை," என்று கத்திவிட்டேன். மாமி ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். "சத்தம் போடாதை, அவன் ராத்தாவின்ரை பிள்ளை."

அந்தச் சந்தோசத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. வென்றேன் என்று மட்டும் சொல்கிறேன்.

டொக்டரம்மா என்னை அதோடு விடவில்லை. அவன் நடக்கத் தொடங்கியதும், "கிளினிக்குக்கு வாரும். என்னைக் காண வாற பெண்கள் என்னட்டை எல்லாம் சொல்லமாட்டினம், உம்மட்டைச் சொல்லுவினம்," என்றார். சொந்தக்காரருக்குள் பெரிய கலகம். தனக்குப் பைத்தியம் வந்தது என்று தானே ஊருக்குப் பறை அடிக்கப் போகிறாளாம் என்றார்கள். அடிப்பேன், தவில் நாயனத்தோடும் அடிப்பேன் என்று சொல்லியனுப்பினேன். முதலில் கிளினிக் வாசலில் வாங்குப் பலகையில் இருந்து கதைத்தேன். பிறகு டொக்டரம்மா மேலிடத்தோடு வாதாடி, ஒரு மறைப்பும் இரண்டு கதிரையும் எடுத்துத் தந்தார். மறைப்புக்குப் பின்னால் எத்தனை பெண்கள் அழுதார்கள்! யாழ்ப்பாணத்தார், முஸ்லிம்கள், சிங்களத்திகள், கொச்சைத் தமிழ் பேசும் பறங்கிச்சி ஒருத்தி. நான் வைத்தியம் செய்யவில்லை. எனக்கும் வந்தது, மாறினது என்று சொன்னேன். மற்றதை டொக்டரம்மா பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் மறைப்புப் போய் ஒரு அறையே கிடைத்தது. கதவு உள்ள அறை.

வர முடியாதவர்களிடம் நாங்கள் போனோம். அப்படித்தான் ஒரு நாள் டொக்டரம்மாவின் காரில் கொட்டாஞ்சேனைக்குப் போனது. கிறிஸ்தவ வேதக்காரர் வீடு, புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. பிள்ளை பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளையை நீர்கொழும்பில் உள்ள மூத்த மகளிடம் கொண்டுபோக அவளுடைய தாய் உடுப்பெல்லாம் கட்டி வைத்திருந்தார். வீட்டில் அன்றைக்குப் பார்க்க ஆள் இல்லாததால் என் மகனும் கூட வந்திருந்தான்.

நான் என் கதையைச் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த முதுகுக்குச் சொன்னேன். இவனோ கட்டிலைச் சுற்றி ஓடினான், அங்கே வைத்திருந்த பிஸ்கோத்தைக் கேட்காமல் எடுத்தான், தண்ணீர்ச் செம்பைத் தட்டி ஊற்றினான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"டேய், ஒரு இடத்திலை இரடா. உன்னாலை எனக்குப் போற இடமெல்லாம் மானம் போகுது," என்று காதைப் பிடித்தேன். அவன் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பிஸ்கோத்தையும் விடாமல் தின்றான்.

கட்டிலில் கிடந்தவள் மெல்லத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் புள்ளையையா குடுக்கச் சொன்னீங்க?"

"ஓம்," என்றேன். "இவனைத்தான்."

அவள் அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா, நீர்கொழும்புக்கு வேணாம்," என்றாள். "புள்ளையை இங்க கொண்டாங்க."

அவளுடைய தாய் டொக்டரம்மாவைப் பார்த்தார். டொக்டரம்மா தலையாட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார்கள்.