மாமியார் முற்றத்தில் மட்டம்

மட்டக்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொழில், மேட்டு நெல். வியாதி, மட்டம் பார்ப்பது. இரண்டு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, குறுக்கே ஒரு கம்பு, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் கல். கயிறு குறுக்குக் கம்பின் நடுக்கோட்டைத் தொட்டால் இரண்டு கழிகளின் கால்களும் ஒரே மட்டம். இதைக் கட்டில்மேல் வைத்துப் பார்த்து, "தலைமாடு கோணல்" என்று சொன்ன அன்று அவர் பெண்டாட்டி தலையணையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

மேட்டு நெல்லுக்குத் தண்ணீர் கட்ட வேண்டாம், மழை போதும். அந்தப் பாழாய்ப்போன மழைதான் மண்ணையும் வாரிக்கொண்டு போய்விடும். சரிவுக்குக் குறுக்கே மட்டம் பிடித்து வரிசையாகப் புல் நட்டால் மண் நிற்கும். வருஷா வருஷம் அதே இடத்தில் விதைக்கலாம். ஆனால் அவர் விதைக்கும் சரிவு மாமியாருடையது. இந்த மழைக்கும் மண் இறங்கினால் மேட்டை மூத்த மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். மனிதர் உடனே கழியைத் தூக்கிக்கொண்டு சரிவுக்குக் கிளம்பிவிட்டார்.

மட்டம் பிடித்துக்கொண்டே போனார். மட்டத்துக்கு உறவு தெரியுமா, முறை தெரியுமா? நேராக மாமியார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்து, அவர் நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் வந்து நின்றது.

"மாப்பிள்ளை, என் நாற்காலியிலயா புல் நடப்போறீங்க?"

"மட்டம் இப்படித்தான் போகுது அத்தை."

"அது போனா நீங்களும் பின்னாடியே போயிடுவீங்களா? முற்றத்தைச் சுத்திக் கீழே வளைச்சு நடுங்க."

"தண்ணியெல்லாம் அந்த வளைவுக்குல்ல ஓடி வரும்..." என்று முனகினார். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். வளைத்து நட்டார். வேறென்ன செய்வார், பாவம்!

புல் வேர் பிடித்தது, நெல் முளைத்தது, மழையும் வந்தது. வந்ததா, கொட்டித் தீர்த்தது. சரிவில் மண் அப்படியே இருந்தது. ஆனால் புல் வரிசையோரம் ஓடிய தண்ணீரெல்லாம் வளைவில் வந்து சேர்ந்து முற்றம் குளமாகிவிட்டது. செருப்புகள் மிதந்தன, கோழிகள் கூரையேறிவிட்டன. மாமியார் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். போச்சு, மேடு போச்சு என்று மட்டக்காரர் முடிவுகட்டிவிட்டார்.

"நான் சொன்னா அப்படியே செஞ்சிடுறதா? உங்க புத்தி எங்கே போச்சு?" என்றார் மாமியார்.

மட்டக்காரர் மிதந்து வந்த அத்தையின் செருப்பைப் பிடித்து நீட்டினார்.

"என் மூத்த மாப்பிள்ளை இருக்காரே, நான் எதைச் சொன்னாலும் 'சரிங்க அத்தை'தான். அவர் கையில கொடுத்தா என் பேச்சைக் கேட்டே மேட்டைக் கரைச்சிடுவார். நீங்களாவது முனகினீங்க. மேடு உங்களுக்குத்தான். புல்லை முற்றத்து வழியாவே நடுங்க."

"சரிங்க அத்தை" என்று வாய்வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, மாமியார் காதில் நன்றாக விழும்படி முனகினார்.