மாமி வாசிக்காத பக்கம்

எங்கள் ஊரில் ஒருவர் முழுதாகச் செத்து முடிய முப்பத்தொரு நாள் எடுக்கும். மூச்சு ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். மிச்ச நாட்கள் வீட்டுக்கும் அச்சகத்துக்கும் இடையிலான ஓட்டத்தில் கழியும். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிற எல்லோருக்கும் கல்வெட்டு என்ற சிறு புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, சாமி படங்கள், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டுகள். அதில் பெயர் வந்தவர்கள்தான் குடும்பம். வராதவர்கள் பிறக்கவே இல்லை.

போன மாதம் என் மாமி இறந்துபோனார். அம்மாவின் மூத்த அண்ணனுடைய மனைவி. அவருடைய கல்வெட்டுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள் என்பதால் இந்த மரியாதை. கேட்டவர் அம்மாவின் இளைய அண்ணனான சின்ன மாமா. போனை வைக்கும் முன், "ஒருத்தரின்ரை மனமும் நோகாமல் எழுது, பிள்ளை" என்றார். எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. தாள் இன்னும் வெள்ளையாகத்தான் கிடக்கிறது. வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பெரிய மாமாவின் கல்வெட்டுத்தான் ஞாபகம் வருகிறது.

பெரிய மாமா செத்தபோது எனக்குப் பதினொரு வயது. நீர்வேலியில் பெரிய வாழைத் தோட்டம் அவருக்கு. கோவில் சபையிலும் ஆள், வாசிகசாலையிலும் ஆள். அவருக்கு முன்னால் சின்ன மாமாகூட கதிரையின் நுனியில்தான் இருப்பார். எங்களையெல்லாம் அவர் ஒருநாளும் அடித்ததில்லை, ஏசியதுமில்லை. அவர் இருமினாலே வீடு அடங்கிவிடும், அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

கல்வெட்டுப் பாட்டுகளை எழுதியவர் ஊரில் வேலையிலிருந்து இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர். யார் செத்தாலும் அவர்தான் அழுவார், செய்யுளில். மனைவி புலம்பலில் என் மாமி மான்விழியாள் ஆகிவிட்டார். மாமிக்கு அப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, கறிச்சட்டியையே தடவித்தான் தூக்குவார். 'ஏழைக்கு அள்ளி அள்ளி ஈந்தவரே' என்று மாமாவை அழைத்திருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழத்தில் இரண்டு குறைந்தாலும் யார் எடுத்தது என்று விசாரணை வைக்கிற மனுசன். இதெல்லாம் யாருடைய மனத்தையும் நோகச் செய்யவில்லை. பொய்யென்று எல்லோருக்கும் தெரிந்த பொய்யால் ஒருவருக்கும் நோவு வருவதில்லை.

மக்கள் புலம்பலை மட்டும் தான் எழுதுகிறேன் என்று மச்சாள் சொன்னார். பெரிய மாமாவின் மகள். அப்போதுதான் பல்கலைக்கழகம் முடித்திருந்தார். படித்த பிள்ளை எழுதினால் புத்தகத்துக்குக் கௌரவம் என்று விட்டுவிட்டார்கள். எழுத்துப்பிழை பார்க்கிற வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். சின்ன மாமா தன் பெயரும் தன் பட்டமும் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

முந்நூறு புத்தகங்களும் சடங்குக்கு முதல்நாள் மத்தியானம் வந்து இறங்கின. கட்டைப் பிரித்துச் சின்ன மாமா ஒன்றை எடுத்துப் புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய கை நின்றது. பிறகு மற்ற ஆம்பிளைகளைக் கூப்பிட்டார். விறாந்தையில் கூட்டம் கூடிவிட்டது.

அந்தப் பக்கம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பாட்டு இல்லை, வெறும் உரைநடை. ஒன்பதே வரி.

'எங்கள் அப்பாவுக்குப் பிள்ளைகள் இருவர்' என்று அது தொடங்கும். அதே வரியில் மச்சாளின் அண்ணனான அத்தானின் பெயர் முழுதாக, முதலெழுத்தோடு. அவர் குருநகரில், மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளையை, வலை இழுக்கிற குடும்பத்தில் கல்யாணம் செய்தவர். இந்த வீட்டு வாசல் படலையைத் திறக்கக் கூடாதென்று மாமா சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் அவரும் திறக்கவில்லை. பிறகு காய்ச்சல் வந்து செத்துப்போனார். 'அண்ணன் இறந்த அன்று அம்மா சேலை மாற்றிக்கொண்டு படலை வரை வந்தார். உள்ளே போ என்று அப்பா சொன்னார். அம்மா போய்விட்டார். எனக்கு அப்பாவில் அன்பு உண்டு. இதை எழுதாமல் விட்டால் அந்த அன்பும் பொய்யாகிவிடும்.' இவ்வளவுதான்.

எனக்கு அதுவரை அப்படி ஒரு அத்தான் இருந்ததே தெரியாது.

"உதிலை ஒரு பொய் இருந்தாச் சொல்லுங்கோ, நானே கிழிச்சுப் போடுறன்" என்றார் மச்சாள்.

"பொய் எண்டு ஆர் சொன்னது?" என்றார் சின்ன மாமா. "உண்மை எண்டதாலைதான் பிள்ளை வயிறு எரியுது. கொம்மாவுக்கு இதை ஆரும் வாசிச்சுக் காட்டினா என்ன பாடுபடுவா எண்டு யோசிச்சனியோ? புருசனைப் பறிகுடுத்து முப்பது நாள். அந்த மனுசியின்ரை மனம் தாங்குமோ?"

"அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"கேட்டு வேறை நோகப்பண்ணுறதோ?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வயதில் எனக்கும் அது மிகச் சரியாகத்தான் பட்டது. மாமி பத்தடி தள்ளி, நடு அறையில், மாமாவின் படத்துக்கு முன்னால் பாயில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. வந்து என்னவென்று கேட்ட பெண்களிடம் அச்சுப்பிழை என்று சொல்லப்பட்டது. மாமிக்கும் அதுவே சொல்லப்பட்டது.

கிழிக்கலாம் என்றார் ஒருவர். கிழிக்க முடியாது, அந்தத் தாளின் மறுபக்கத்தில் முருகன் படம். மயிலோடு, வேலோடு, கலரில். சடங்கு வீட்டில் சாமி படத்தைக் கிழிப்பதா? திருப்பி அச்சடிக்க நேரமில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டுவது என்று முடிவாயிற்று. கோதுமை மாவில் அம்மா பசை காய்ச்சினார். சின்ன மாமா தாள் வெட்டினார். அவர் கெட்ட மனுசன் அல்ல. வெட்டும்போது அழுதுகொண்டுதான் வெட்டினார். அத்தானின் செத்தவீட்டுக்கு மாமாவுக்குத் தெரியாமல் சைக்கிளில் போய்வந்தவர் அவர் ஒருவர்தான் என்று வெகுகாலம் கழித்து அம்மா சொன்னார்.

ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது. கொப்பிகளுக்கு உறை போடுவதில் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி. பின் விறாந்தையில் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முந்நூறு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மனப்பாடம் ஆனது அப்படித்தான்.

பத்துப் பன்னிரண்டு புத்தகம் முடிந்திருக்கும். மச்சாள் வந்து பக்கத்தில் குந்தினார். அழுது முடித்த முகம்.

"நீயும் ஒட்டுறியோ?"

"மாமிக்காகத்தான் மச்சாள்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு, "ஓரத்திலை மட்டும் பசை பூசு. நடுவிலை பூசாதை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பசை மிச்சம் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். சொன்னபடியே நாலு ஓரத்திலும் மட்டும் பூசினேன். முதலில் ஒட்டியவற்றையும் ஈரம் காயும் முன் உரித்து, நடுவைத் துடைத்துத் திருத்தினேன். அவ்வளவு ஒழுங்கான பிள்ளை நான்.

மறுநாள் சடங்கு நல்லபடி நடந்தது. சாப்பிட்டு வெற்றிலை போட்டவர்கள் கையில் ஆளுக்கொரு கல்வெட்டு. நாற்பது பக்கத்தில் முப்பத்தொன்பதை எவரும் பார்க்கவில்லை. பந்தல் ஓரத்தில் ஒரு கிழவர் புத்தகத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்து, நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வீட்டில் போய் ஈரத்துணியால் ஒற்றினால் போதும், மாப்பசை விட்டுவிடும். இரண்டு நாளைக்குள் சந்தையிலும் கடையிலும் கோவில் வீதியிலும் அதே கதை. மூடாமல் விட்டிருந்தால் பாதிப்பேர் வாசித்தே இருக்கமாட்டார்கள்.

எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. என் ஒட்டு இப்படிக் கழன்றுவிட்டதே என்ற அவமானம். ஆனாலும் ஒரு ஆறுதல். ஊரே வாசித்தாலும் மாமி வாசிக்கவில்லை. யாருக்காக ஒட்டினோமோ அவரைக் காப்பாற்றியாயிற்று.

மிச்சப் புத்தகங்களைச் சின்ன மாமா கொண்டுபோய்விட்டார். மாமியிடம் ஒன்று மட்டும் இருந்தது, மாமாவின் படத்துக்கு முன்னால் படைத்த புத்தகம். அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அம்மா சோறும் கறியும் கொடுத்தனுப்ப, கொண்டுபோனேன். மச்சாள் தோட்டத்தில் நின்றார். மாமி நடு அறையில் சன்னலோடு இருந்தார். மடியில் கல்வெட்டு. பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர், கையில் நனைத்த சேலைத்தலைப்பு. பன்னிரண்டாம் பக்கத்தின் மேல் ஓரம் உரிந்து, முதல் வரி வெளியே தெரிந்தது. மாமி அந்த வரிக்கு மேல் விரலை வைத்திருந்தார். கண்ணை எவ்வளவு கிட்டக் கொண்டுபோயும் அவருக்கு எழுத்துப் பிடிபடவில்லை.

என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடவில்லை. "கதவைச் சாத்திப்போட்டு வா, மோனை" என்றார்.

சாத்தினேன்.

"உதிலை அவன்ரை பேர் கிடக்கோ?"

"ஓம், மாமி. முதல் வரியிலையே கிடக்கு."

மாமி அந்த வரியைத் தடவினார். "எனக்கு எழுத்துத் தெரியுதில்லை" என்றார். "நீ ஒருக்கா வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி."

மாமி யாரிடமும் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. தண்ணீர் விடாய்த்தாலும் தானே எழும்பிப்போய்க் குடிப்பார். அன்றைக்குக் கேட்டார், பதினொரு வயதுப் பிள்ளையிடம். வாசிக்கக்கூடத் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டே ஒன்பது வரியையும் சொல்லியிருப்பேன்.

"ஏலாது மாமி" என்றேன். "வாசிச்சா உங்கடை மனம் நோகுமாம்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொன்னவை."

மாமி என் பக்கம் திரும்பினார். அந்த வெள்ளை படர்ந்த கண்ணால் என் முகத்தை எவ்வளவு கண்டாரோ தெரியாது. அந்த வரிக்கு மேலிருந்த விரலை எடுத்தார். அத்தான் செத்த அன்றைக்குப் படலையிலிருந்தும் இப்படித்தான் கையை எடுத்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்ப ஒட்டிவிடு."

குசினியில் மா இருந்தது. நானே கொஞ்சம் பசை காய்ச்சினேன். ஓரத்தில் மட்டும் பூசினால் கழன்றுவிடும் என்று ஊரே எனக்குப் பாடம் படிப்பித்துவிட்டது. அதனால் இந்த முறை நடுவிலும் பூசினேன். ஒன்பது வரிக்கு மேலும் தாராளமாக, ஒரு எழுத்தும் விடாமல். வெள்ளைத்தாளை வைத்து, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் அழுத்தித் தடவி, காயும்வரை மேலே அம்மிக்குழவியை வைத்தேன். முந்நூறிலும் அதுதான் ஆகச் சிறந்த ஒட்டு.

மச்சாள் இரண்டு மாதத்தில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். தாயும் மகளும் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டார்களோ, நான் அறியேன். அடுத்த வருடம் மாமிக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு பேப்பர்கூட வாசிப்பார்.

போன மாதம் அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது சேலைகளுக்கு அடியில் அந்தக் கல்வெட்டு இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் நகத்தால் சுரண்டிய தடங்கள். ஒருநாளில் சுரண்டியவை அல்ல. நான் ஒட்டிய தாள் ஓரிடத்தில் உரிந்திருந்தது, உரிந்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து போயிருந்தது. முதல் வரியும் அத்தானின் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் தாளே இல்லை. அந்த ஓட்டைக்கு அப்பால் முருகன் படத்தில் வேலின் நுனி கிழிந்து கிடந்தது.

அன்று நான் ஒட்டி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமி அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும். எங்கேயும் விரல் தடைப்படவில்லை.

"நல்ல பிள்ளை" என்றார்.

வெறும் பாத்திரத்தை ஆட்டிக்கொண்டு வீடு வரை ஒழுங்கை நெடுக ஓடிவந்தேன். அம்மாவிடம் அதைச் சொன்னேன், சின்ன மாமா வந்தபோது அவருக்கும் சொன்னேன். மாமி என்னை நல்ல பிள்ளை என்று சொன்னார் என்று ஒரு கிழமையாகக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.