ஒரு உரிமத்துக்கு ஒரு புள்ளி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ரெக்கார்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷமாக ஒரே வேலை. யார் வந்தார், யார் போனார், எந்தக் கட்டிலில் என்ன நோய், எல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் நோட்டை விடவில்லை. சண்டை தொடங்கி வாரக்கணக்கில் கரண்டு போனபோது, அதுவரை அவள் நோட்டைக் கேலி செய்த டாக்டர்கள் அவள் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். அதை இன்றுவரை சொல்லிக்காட்டாமல் அவள் எந்த டாக்டரையும் விட்டதில்லை.

சண்டையின் இரண்டாம் வருஷம் இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. சர்வதேச அலுவலகம் ஒன்று பட்டியல் வைத்திருந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தண்ணீர் நிலையம் எங்கெங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு எழுதி, சண்டை போடும் இரண்டு தரப்புக்கும் அனுப்புவார்கள். இங்கே நோயாளிகள் இருக்கிறார்கள், இங்கே அடிக்காதே என்று அர்த்தம். ஆஸ்பத்திரியின் சார்பில் மாதாமாதம் படிவம் நிரப்புவது அவள் பொறுப்பு. அவளுக்கு முன்னால் இதைப் பார்த்த கிளார்க் வெளிகேட்டில் நின்றபடி எண்களை எடுத்திருந்தார். "கேட்டையா காப்பாத்தணும்?" என்று அவரை நாலு வாங்கு வாங்கிவிட்டு, அவளே போனைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனாள். கட்டிடத்தின் நட்டநடுவில், கால் உடைந்து படுத்திருந்த ஒருவரின் தலைமாட்டில் நின்று எடுத்தாள். "ஃபோட்டோவா?" என்று அவர் தலையைக் கோதிக்கொண்டார்.

போன குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவில் விழுந்த குண்டில் ஆஸ்பத்திரியின் தண்ணீர்க் குழாய் போயிற்று. தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் இல்லை. மூன்று தெரு தள்ளி மூடிக்கிடந்த ஒரு சோபா கடையில் சொந்தக் கிணறும் ஜெனரேட்டரும் இருந்தன. இயந்திரங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். நோயாளிகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சாய்வு சோபாக்களில் படுத்தார்கள். ஒரு வாரத்தில் ஊரே அதைச் சோபா ஆஸ்பத்திரி என்றது.

அங்கே வந்த பத்தொன்பது பேரில் ஒருவர் அவளுடைய அண்ணன். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். கடைக்காரர் வந்து எழுப்பிவிடப்போகிறார் என்று பக்கத்து சோபாக்காரரை வருகிற நாளெல்லாம் ஒருமுறையாவது பயமுறுத்துவார்.

சோபா கடை பட்டியலில் இல்லை. மேலிருந்து பார்ப்பவனுக்கு அது ஜெனரேட்டர் ஓடுகிற, வண்டிகள் வந்து போகிற ஒரு கிடங்கு.

அவள் சர்வதேச அலுவலகத்துக்கு எழுதினாள். சுகாதாரத் துறையின் உரிமம் வேண்டும் என்றார்கள். சுகாதாரத் துறைக்குப் போனாள். ஆய்வாளர் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆய்வாளரைப் பிடித்தாள்.

"வர்றதுல எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா பட்டியல்ல இருக்கிற இடத்துக்குத்தான் எங்க வண்டி போகலாம்."

"நீங்க வந்தாத்தானே சார் பட்டியல்ல சேர்ப்பாங்க?"

"பட்டியல்ல சேர்த்தாத்தானே நான் வர முடியும்?"

"நடந்து வாங்க சார். மூணு தெரு."

"நடந்து போனா ஆய்வுல சேராதும்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

இப்படியே பதினோரு வாரம். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். இணையத்தில் 'விவர மாற்றம்' என்று ஒரு படிவம் இருந்தது. ஆஸ்பத்திரியின் பழைய உரிம எண்ணையே போட்டு, இடத்துக்கான ஒரே வரியில் சோபா கடையின் எண்களை எழுதி அனுப்பினாள். பழையதுதான் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறதே என்று நினைத்தாள். அவள் நோட்டில் அப்படித்தான். வார்டு மாறினால் புது வரி கீழே வரும். மேல்வரி அப்படியே இருக்கும். பதினேழு வருஷத்தில் அவள் ஒரு வரியைக்கூட அடித்ததில்லை.

நாலாம் நாள் பதில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. டயாலிசிஸ் நர்ஸ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெரிய டாக்டர் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது.

"அக்கா, இதுல சோபா கடை மட்டும்தான் இருக்கு. நம்ம ஆஸ்பத்திரி எங்க?"

அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த அதிகாரி மென்மையாகப் பேசுகிறவர்.

"ஒரு உரிமத்துக்கு ஒரு புள்ளி மேடம். புதுசு வந்தா பழசு தானா அழிஞ்சிடும்."

"நூத்தி நாப்பத்திரண்டு பேர் படுத்திருக்காங்க சார், அழிஞ்சிடும்னு சாதாரணமா சொல்றீங்க!"

"நீங்கதான் மேடம் மாத்தினீங்க." அவர் தொண்டையைச் செருமினார். "பட்டியல்ல இல்லாட்டியும் சட்டப்படி ஆஸ்பத்திரிக்குப் பாதுகாப்பு உண்டு. எந்தத் தரப்பும் அடிக்கக் கூடாது."

"அப்ப பட்டியல் எதுக்கு?"

"தெரியாம நடந்துபோச்சுன்னு அவங்க சொல்லாம இருக்கிறதுக்கு."

"பட்டியல்ல இருக்கிறதை அடிச்சதே இல்லையா?"

"அது வேற கேள்வி மேடம். இன்னிக்கு நாலு மணிக்குப் பட்டியல் ரெண்டு தரப்புக்கும் போயிடும். எந்தப் புள்ளின்னு அதுக்குள்ள சொல்லிடுங்க."

பெரிய டாக்டர் சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் போய் நின்றார். "ரெண்டுக்கும் நடுவுல வெச்சா என்ன?"

அவள் விரலால் அளந்தாள். "செருப்புக்கடை வருது சார்."

"செருப்பாவது பிழைக்கட்டும்" என்றார் அவர். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. "நீங்க எது சொன்னாலும் நான் கையெழுத்து போடுறேன் அக்கா. எனக்குத் தெரியல."

மணி இரண்டே கால். அவள் சோபா கடைக்கு நடந்தாள். அண்ணன் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன, முகம் பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?" என்றார். சொல்லக்கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, கொட்டிவிட்டாள்.

"அங்க எத்தனை பேர்?"

"நூத்தி நாப்பத்திரண்டு."

"இங்க பத்தொம்பது. அப்புறம் எதுக்கு இங்க வந்து நிக்கிற? போய் அனுப்பு."

"உனக்கு எல்லாமே பஸ்ஸுல ஆள் ஏத்துற மாதிரிதானா அண்ணா?"

"நான் சொல்லாட்டியும் அதைத்தான் செய்வ. செஞ்சிட்டு என்கிட்ட சொல்ல முடியாம சாப்பிடாம கிடப்ப. அதான் நானே சொல்லிட்டேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் இல்லை. "குண்டு போடுறவன் யோசிக்க வேண்டியதை என்னை யோசிக்க வெச்சிட்டாங்க. எங்க போடலாம், எங்க போடக்கூடாதுன்னு நான் யாரு சொல்றதுக்கு? நான் நோட்டு எழுதுறவ!" பக்கத்து சோபாக்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, தூங்குகிறவர்போல மூடிக்கொண்டார். அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

மூன்றரைக்குப் படிவம் போயிற்று. ஆஸ்பத்திரி மறுபடி பட்டியலில் ஏறியது. சோபா கடை இறங்கியது. 'பிற குறிப்புகள்' கட்டத்தில் சோபா கடையின் எண்களை எழுதிப்பார்த்தாள். இந்தக் கட்டம் பரிசீலிக்கப்படாது என்று பதில் உடனே வந்தது. இதுவரை எந்தப் பதிலும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை.

மறுநாள் காலை அவள் நாற்காலியையும் மேஜையையும் வார்டு பையன்களை வைத்துத் தூக்கிக்கொண்டு சோபா கடைக்குக் குடிபோனாள். பெரிய டாக்டர் போனில் கத்தினார்: "உங்களை அங்க யார் போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ரெக்கார்டு வேணும்னா ஆள் அனுப்புங்க, எழுதித் தர்றேன்."

அடுத்த முறை டயாலிசிஸுக்கு வந்த அண்ணனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பெரிய தியாகமா? எங்களுக்குக் குண்டு வராம உன் மேஜையை வெச்சு மறைக்கப்போறியா?"

"இல்ல. அங்க உட்கார்ந்தா எனக்கு எழுத்து வரல. வேலை கெடுது."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குடிபோன அன்றே ஒன்பது மணிக்கு அவள் சர்வதேச அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தாள். அடுத்த நாள் ஒன்பதுக்கும் போட்டாள். அதற்கடுத்த நாளும். மூன்றாவது வாரத்தில் அதிகாரிக்கு அவள் குரல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிட்டது.

"மேடம், நேத்துதானே பேசினோம்?"

"நேத்து பத்தொம்பது பேர் உயிரோட இருந்தாங்க. இன்னைக்கும் இருக்காங்க. எழுதிக்கோங்க சார்."

"எங்க எழுதுறது மேடம்? அதுக்குக் கட்டமே இல்லையே."

"ஓரத்துல எழுதுங்க."

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. அவள் எண்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். அட்சரேகை முடிந்து தீர்க்கரேகையின் பாதிக்கு வந்தபோது லைன் அறுந்தது. தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி முதல் எண்ணிலிருந்து சொல்லத் தயாராகி, போனை அழுத்தினாள்.