எத்தினி மாசம்?

போன மாதம் ஒரு ஜோக் அடித்தேன். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு என்ன பெருமை தெரியுமா!

என் தோஸ்து தேசப்பன், முகத்துவாரக்குப்பத்து மீனவர். அவர் மனைவி செல்வியின் தம்பி போன வருஷம் கடலுக்குப் போனவன், திரும்பவே இல்லை. அன்றிலிருந்து செல்விக்கு ஒரே வேண்டுதல் — புருஷனுக்குக் கரையில் ஒரு வேலை. திருவொற்றியூரில் கிரேன் ஓட்டக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான்தான் பைக்கில் அழைத்துப் போனேன். குப்பத்திலிருந்து இன்னும் நாலு பேர் வந்திருந்தார்கள்.

அங்கே நிஜ கிரேன் இல்லை. விஆர் கண்ணாடியை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணுக்குள் கிரேன் சுற்றுகிறது, கன்டெய்னர் ஆடுகிறது... உடம்போ உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்றாவது நிமிஷம் தேசப்பன் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினார். உவ்வே!

இருபது வருஷம் அலையில் ஆடியவர். படகில் ஒரு நாளும் வாந்தி எடுக்காதவர். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

“இன்னா மாமு... எத்தினி மாசம்?”

ஹாலே அதிர்ந்தது. பயிற்சியாளர் மட்டும், “மொதல் தடவை நெறைய பேருக்கு இப்படித்தாங்க. நாளைக்கு வாங்க, கொஞ்சம் கொஞ்சமா பழகிடும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சிரிப்பில் அது யார் காதில் விழுந்தது?

எனக்கு முன்னால் என் ஜோக் குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில், மீன் ஏலத்தில், எங்கே போனாலும் “எத்தினி மாசம்?” ஒருத்தன் மாங்காய் வேறு வாங்கிக் கொடுத்தானாம். தேசப்பன் மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மற்ற நாலு பேரும் தேறிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் இரண்டாம் நாள் வாந்தி எடுத்தார்களாம். யாரும் சிரிக்கவில்லையாம் — நான் அங்கே இல்லையே!

போன ஞாயிறு மன்னிப்புக் கேட்கப் போனேன். தேசப்பன் படகு என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார். தப்பு என் மேல்தான் என்றேன். “இன்னொரு பேட்ச் கீது மாமு, நானே கூட்டிகினு போறேன்” என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“வுடு மாமு. கடல்ல எவனும் சிரிக்கமாட்டான்” என்றார், நட்டைத் திருகிக்கொண்டே.

செல்வி டீ கொடுத்தார். எப்போதும் “வாண்ணா” என்று வாய் நிறையக் கூப்பிடுபவர், அன்று டம்ளரை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தேசப்பன் மறுபடி கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், அவர் கரை சேர்ந்துவிட்டாரா என்று கேட்க வீட்டுக்குப் போன் போடுகிறேன்.

செல்வி எடுப்பதில்லை.