இரண்டாம் பாகம் ஓடிய பதினேழு நாள்

கலைமதிக்கு நாற்பத்திரண்டு வயது. புதுக்கோட்டையில் ஒரு தியேட்டரில் பத்து வருடமாகத் துப்புரவு வேலை. ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்குக் கதவு திறக்க இருபது நிமிடம் இருக்கும். அதற்குள் அவளும் கூட வேலை பார்க்கும் உண்ணாமலையும் அத்தனை இருக்கைகளுக்கு அடியிலும் குனிந்து கூட்டியாக வேண்டும். அடிதடிப் படத்துக்குக் குப்பை குறைவு. குழந்தைகள் படம் என்றால் பாப்கார்ன் அள்ளி மாளாது.

அதனால்தான் மே மாதம் அந்த நீர்நாய்க் கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது என்று போஸ்டர் ஒட்டிய அன்றே அவளுக்கு இடுப்பு வலித்தது.

முதல் பாகம் வந்தபோது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கணவன் உதயசூரியன் லாரி ஓட்ட சவுதி போயிருந்தான். திருவரங்குளத்து வீட்டில் எட்டு வயது மகள் சுடர்விழியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. லீவு நாள் முழுக்கக் கூடவே கூட்டிவந்து கடைசி வரிசை மூலையில் உட்கார வைத்தாள். வெள்ளத்தில் தாயைத் தொலைத்த நீர்நாய்க் குட்டி ஊர் ஊராகத் தேடிப் போகிற கதை. சுடர் அதை இருபது தடவைக்கு மேல் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடிவந்து, "அம்மா, இன்னைக்கும் அது அவங்கம்மாவக் கண்டுபுடிச்சிருச்சும்மா!" என்பாள். கலைமதி படத்தைப் பார்த்ததில்லை. கதவுக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள்.

இப்போது சுடர் பிளஸ் டூ முடித்துவிட்டாள். "படத்துக்கு வாரியா?" என்று கேட்டதற்கு, "போம்மா, அதெல்லாம் சின்னப்புள்ளைக பாக்குறது" என்றாள். அவள் நினைப்பெல்லாம் திருச்சியில் நர்சிங் படிப்பதில் இருந்தது. ஹாஸ்டல் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். உதயசூரியன் போனில், "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டான். கலைமதி அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் அரிசி டின்னின் மேல் வைத்தாள். நாலு நாளாக அது அங்கேயே கிடந்தது.

படத்துக்குக் கூட்டம் நெரிந்தது. வெளியில் நின்றபடியே உள்ளே எந்த வயசுக்காரர்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்பது மூன்றாம் நாளே அவளுக்குப் பழகிவிட்டது. படத்தில் வருகிற தவளை வழுக்கி விழுந்தால் வாண்டுகள் கத்தும். முதல் பாகத்துப் பாட்டு திரும்ப வந்தால் காலேஜ் பிள்ளைகள் விசில் அடிப்பார்கள். அன்று அம்மா கையைப் பிடித்து வந்து பார்த்தவர்கள் அவர்கள். கடைசிப் பத்து நிமிடம் பெரியவர்கள் பக்கம் இருமல்கூடக் கேட்காது. விளக்குப் போட்டதும் அப்பன்மார் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்கள். கையைப் பிடித்திருக்கும் பிள்ளை, "அப்பா, தவளை எங்கப்பா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வரும்.

பன்னிரண்டாம் நாள், மதியக் காட்சிக்கு முன்னால் கலைமதிக்குத் தலை சுற்றியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் அரவிந்த்குமார் சோடா வாங்கிக் கொடுத்தார்.

"அக்கா, ஒங்க பொண்ணுக்கு போன் போட்டுட்டேன். அது வர்ற வரைக்கும் உள்ள ஏசில உக்காருங்க. பின்னாடி நெறைய சீட்டு காலியாத்தான் இருக்கு."

பத்து வருடத்தில் அந்த இருக்கைகளில் ஒன்றில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திரையில் ஆறு ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான் தெரியும், தூங்கிப்போனாள்.

பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தத்தில் விழித்தாள். சுடர் மாத்திரை அட்டையும் தண்ணீர் பாட்டிலும் மடியில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப சுடரு வந்த?"

"இடைவேளைக்கு முன்னாடியே. இந்தத் தவள பேசுறதப் பாரேன். சின்னதுல இது என்ன சொல்லுதுன்னே எனக்குப் புரியல."

மாத்திரையை விழுங்கிவிட்டுக் கலைமதி திரையைப் பார்த்தாள். குட்டி வளர்ந்திருந்தது. ஆறு கடலில் சேருகிற இடம் வரை போய்ப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறது. தாய் கரையில் நிற்கிறது. தண்ணீரில் தலை தெரிகிறது, அப்புறம் அது நீந்திப்போன கோடு மட்டும் தெரிகிறது, அப்புறம் அதுவும் இல்லை. தாய் சத்தமே போடவில்லை.

கலைமதிக்குக் கண் கலங்கியது. முன் வரிசையில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது.

"ஏன் சுடரு, அது ஒரு வார்த்த கூப்புட்டிருக்கலாம்ல?"

"கூப்புட்டா திரும்பி வந்துரும்லம்மா. அதான் கூப்புடல."

சொல்லிவிட்டு அவள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தக் காட்சி அவளை ஒன்றும் செய்யவில்லை. போகிறவளுக்கு அது சந்தோஷமான முடிவு. விளக்குப் போட்டதும் உண்ணாமலை கூடையோடு வந்தாள். கலைமதி எழுந்து துடைப்பத்தை எடுத்தாள். "நீ உக்காரும்மா" என்று சுடர் தடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் தாயும் மகளும் ஆளுக்கொரு பக்கமாகக் கூட்டினார்கள்.

படம் பார்த்து மனசு மாறிவிட்டது என்றெல்லாம் சொல்ல முடியாது. மறுநாள் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

பதினேழாம் நாள் படத்தை எடுத்துவிட்டார்கள். வகுப்பு தொடங்கியதும் சுடர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறாள், பாதிப் பேச்சு சாப்பாட்டைப் பற்றி. கலைமதி வேலைக்குப் போய் வருகிறாள். முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறியதும் வீட்டில் சுடருக்கு என்ன சமைப்பது என்று யோசனை ஓடும். இப்போது ஜன்னலில் தலை சாய்ந்துவிடுகிறது. திருவரங்குளம் வந்தால் கண்டக்டர்தான் எழுப்பிவிடுகிறார்.