என் அடுப்படியில் இன்னொருத்தி பால் காய்ச்சினாள்

ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது. அதனால் ஆனிக் கடைசியில் எங்கள் பக்கம் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரு குட்டி யானை வண்டி நின்று பீரோ ஏற்றிக்கொண்டிருக்கும். என் கணவருக்குப் பெரம்பலூர் ஆபீஸுக்கு மாற்றலாகி, அரியலூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வந்து முதுகு போன பிறகு, நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம்.

வீட்டை விடுவதில் எனக்கு வருத்தமில்லை. மழை பெய்தால் அடுப்படி ஒழுகும் வீடு அது. எதிர்வீட்டு அக்காவை விட்டுப் போகத்தான் மனம் வரவில்லை. ஒரு மாடு வைத்திருந்தாள். காலையில் தூக்குவாளியில் பால் கொண்டுவந்தால், அடுப்படிக் கதவில் சாய்ந்து தெருக்கதை முழுவதும் பேசிவிட்டுத்தான் போவாள்.

"பெரம்பலூர் வூட்டுல பால் காய்ச்ச வந்துருங்கக்கா. உங்க மாட்டுப் பாலாதான் இருக்கணும்" என்றேன்.

"மாட்ட யாருகிட்ட வுட்டுட்டு வர்றது? பாப்போம்" என்றாள். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குள் வீட்டுக்காரர் புதுக் குடித்தனம் பிடித்துவிட்டார். ஆண்டிமடத்துக்காரி, என்னைவிடச் சின்னவள். வீடு பார்க்க வந்த அன்றே ஒரு பை முந்திரியை அக்கா கையில் கொடுத்துவிட்டாள். விவரமானவள்.

அவளுக்கும் ஆடிக்கு முன்னால் பால் காய்ச்சியாக வேண்டும். குறித்துக் கொடுத்த நல்ல நேரம் நாங்கள் கிளம்புகிற அன்று காலையிலேயே வந்து தொலைத்தது. எங்கள் வண்டியோ மதியம்தான். "ஒரு ஓரமா காய்ச்சிட்டுப் போயிடுவாங்கம்மா" என்றார் வீட்டுக்காரர்.

சாக்கு மூட்டைகளுக்கு நடுவே நான் நைட்டியும் தோளில் துண்டுமாக, கையில் சணலோடு நின்றேன். அவள் பட்டுப்புடவையில் வந்து என் அடுப்படியில் தன் அடுப்பை வைத்தாள். சுவரைப் பார்த்துவிட்டு, "இந்த ஆணியெல்லாம் புடுங்காம வுட்டுட்டுப் போங்கக்கா, எங்களுக்கு ஆவும்" என்றாள்.

அதைக்கூடப் பொறுத்தேன். எதிர்வீட்டு அக்கா வந்து அவளுக்குக் கோலம் போட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் வாசலில், என் கோலமாவு டப்பாவை எடுத்து, அவளோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு போட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் என் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று.

அவள் அக்காவிடம் பால் கேட்டாள். "மாடு இன்னைக்குச் சரியா கறக்கலம்மா. பாக்கெட்டு வாங்கிக்க" என்றாள் அக்கா. கடைப் பால்தான் பொங்கியது, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சர்க்கரை தூக்கல் என்றேன். உண்மையில் சரியாகத்தான் இருந்தது.

மதியம் வண்டி நகர்ந்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய இன்னொரு கை அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது. வழிநெடுக அந்தக் கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். "பிரிட்ஜ் ஆடுது பாரு" என்றார் கணவர். ஆடினால் ஆடட்டும் என்றேன்.

மறுநாள் காலை பெரம்பலூர் வீட்டில் உப்பு, மஞ்சள், நிறைகுடம் வைத்து விளக்கேற்றிவிட்டு, பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் தேடிக்கொண்டிருந்தேன். எந்த மூட்டையில் கட்டினேனோ, அகப்படவில்லை. நல்ல நேரம் போகிறதென்று கணவர் கத்திக்கொண்டிருந்தார்.

"இரு புள்ள, இரு" என்று வாசலில் சத்தம் கேட்டது. வேர்த்த முகத்தோடு அக்கா நின்றாள். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். தளும்பாமல் இருக்கத் தூக்குவாளி மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

நான் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன். அக்காவே முடிச்சை அவிழ்த்து அதில் ஊற்றினாள்.

"மாடு சரியா கறக்கலன்னு அவகிட்ட சொன்னீங்களேக்கா?"

"அவளுக்குக் கறக்கல" என்றாள் அக்கா. "ஒனக்குக் கறந்துச்சு. அடுப்பப் பத்த வை."