மகளுக்குப் பதிலாக நான் பேசினேன்

நாங்கள் மலேசியாவில், ஈப்போ நகருக்குப் பக்கத்தில் உள்ள கோப்பெங்கில் வசிக்கிறோம். என் மகள் கவிதாவுக்கு இருபத்து நான்கு வயது. ஒரு வருடமாக அடிக்கடி வலிப்பு வந்து விழுகிறாள். ஈப்போ மருத்துவமனையில் மருத்துவர், "இது மூளையில வர்ற வலிப்பு இல்ல. மனபாரத்தால வருது. நடிப்பும் இல்ல" என்று சொல்லி, வீடியோ அழைப்பில் மனநல ஆலோசகரிடம் பேச ஏற்பாடு செய்தார்.

வாரந்தோறும் நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எதைக் கேட்டாலும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். மூன்றாவது வாரம் ஆலோசகர், "வேலை இடத்துல ஏதாவது கஷ்டமா, கவிதா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லலா, நல்ல பாக்டரிதான்" என்றேன்.

உடனே கவிதாவின் கைகால்கள் வெட்டி இழுத்தன. நான் அவளை அழுத்திப் பிடித்தேன்.

"பிடிக்காதீங்கக்கா! தலைக்குத் தலையணை வச்சிட்டு, பக்கத்துல இருங்க" என்றார் ஆலோசகர். அதோடு லைன் போய்விட்டது. கையை எடுத்து, தலையணையை வைத்துவிட்டு, பெற்ற பிள்ளை துடிப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெளிந்ததும், "நீங்க இருந்தா நான் எப்படிமா பேசுறது?" என்றாள்.

இப்போது அழைப்பு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு ரோட்டோரம் போய் நிற்கிறேன். வலிப்பு இன்னும் நிற்கவில்லை. உள்ளே என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளாகச் சொல்லும்வரை நான் கேட்பதுமில்லை.